நான்கு சொற்கள்

மிகச் சிறப்பு. நன்று.
மேம்பாடு தேவை. போதாது.
இந்த நான்கையும் காரின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு
லிங்கன்ஷயரின் முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே
ஓட்டி வந்தேன். நவம்பர்.
கடல் வலப்பக்கம் எங்கோ இருப்பதைக்
காற்று மட்டும் சொன்னது.

முதலில் குளிர்பெட்டி.
தடுப்பூசிகள் ஒன்றையொன்று நெருக்காமல், சுவரைத் தொடாமல்
சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகளாக நின்றன.
கதவில் தொங்கிய தாளில்
ஐந்து டிகிரி, ஐந்து, ஐந்து, ஐந்து.
ஒரே பேனா, ஒரே சாய்வு.
ஆளே வராத ஞாயிறுகளிலும் ஐந்து.
என் விரல் போகும் இடத்தையே பார்த்து நின்றாள் செவிலி மேகன் டவுஸ்.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவள் கழுத்து மட்டும் சிவந்துகொண்டே வந்தது.
பத்தொன்பது வருடம் நானும் அந்தச் சீருடையில் இருந்தவள்.
என் ஞாயிறுகளுக்கும் ஓர் எண் இருந்தது.

அட்ரினலினுக்குத் தேதி தாண்டவில்லை.
ஊசிக் குப்பைத்தொட்டியில் கையெழுத்து உண்டு.
தீக்கதவு மூடாதபடி ஒரு நாற்காலி,
நாற்காலியில் ஒற்றைக்கண் கரடி பொம்மை.
நாற்காலியை எழுதிக்கொண்டேன்.

டாக்டர் ஓட்லிங் தேநீர் தந்தார்.
மூவர் வேலையை ஒருவராய்ச் செய்கிறவர் கையில்
கோப்பை தட்டோடு பேசிக்கொண்டிருந்தது.

மதியம் பதிவேடுகள். கண்ணை மூடி எடுப்பதுபோல் முப்பது.
பதினேழாவது, நேரிங்கா பால்ச்சியூனியெனே,
லித்துவேனியா, காய்கறிக் கொட்டகை வேலை.
மார்ச்: வயிற்று வலி. மகன் மொழிபெயர்த்தான்.
ஏப்ரல்: வயிற்று வலி. மகன் மொழிபெயர்த்தான்.
மே: மேற்படி.
மகனுக்குப் பதினோரு வயது.
அம்மா சொன்ன சொல் அவனுக்குத் தெரியும்,
இரண்டு மொழியிலும் தெரியும்.
அந்த அறையில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.
இரத்தத்தை வலி என்று மாற்றினான்.

ஜூனில் ஒரே ஒரு வரி:
அவசரப் பரிந்துரை, புற்றுநோய்ப் பிரிவு.
யார் கண்டுபிடித்தது?

வரவேற்பு மேசையைக் காட்டினார் டாக்டர்.
கோரல் பிளேட்ஸ் தலையை நிமிர்த்தவில்லை.
"உட்காரச் சொன்னேன். நாற்காலியைப் பார்த்தா,
தன் பாவாடையைப் பார்த்தா, நின்னுட்டா.
அவ்வளவுதான்."

பையனை மீன்தொட்டிப் பக்கம் அனுப்பிவிட்டு
மொழிபெயர்ப்பு எண்ணை அழுத்தி
ஒலிபெருக்கியில் போட்டுத்
தொலைபேசியை ஜன்னல் வழியே நீட்டியிருக்கிறாள்,
கம்பி எட்டிய மட்டும்.
எங்கிருந்தோ ஒரு பெண்குரல் கேட்டது, எத்தனை நாளாக என்று.
அவள் தன் மொழியில் சொன்னாள், மெதுவாக, நீளமாக.
பதில் ஆங்கிலமாகித் திரும்பி வந்தபோது
காத்திருந்த ஒன்பது பேரும்
காய்ச்சல் ஊசி விளம்பரத்தை ஊன்றிப் படித்தார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி:
வரவேற்பிடத்தில் நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படுகிறதா?
இல்லை.
குறியிட்டேன். அது இல்லைதான்.
மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் முறை உண்டா?
இல்லை. கோரல் முறை அல்ல, கோரல்.
அவளுக்குச் சளி பிடித்து ஒருநாள் வராமலிருந்தால்
இங்கே என்ன இருக்கிறது?
விளக்கத்துக்கு இரண்டு வரி இடம் விடுகிறது படிவம்.
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
நேரிங்கா இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறாளாம்.
அதற்குக் கட்டம் கிடையாது.

குளிர்பெட்டியின் நினைவுக் கருவியைத் திறந்து பார்த்தோம்.
மூன்று ஞாயிறுகள், பதினொரு டிகிரி.
அறுபத்திரண்டு ஊசிகளை மேகனே எண்ணிக்
குப்பையில் போட்டாள். எண்ணும்போது குரல் உடையவில்லை.
நான் வீட்டுக்கு ஓட்டினேன்,
வானொலி போடாமல்.

ஆறு வாரம் கழித்துத் தொலைபேசியில் கோரல்:
"உங்க சொல் வந்துடுச்சு. மூணாவது.
ஒட்டியே ஆகணுமாமே, எங்க ஒட்டட்டும்?"
எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் என்றேன்.
"அப்ப என் ஜன்னல்தான்" என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம்
பல்லால் டேப்பைக் கிழிக்கும் சத்தம்.